இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து நான்காண்டுக் கல்லூரிக்கு

பட்டக் கல்வி பெறுவோர் அனைவரும் ஒரே வாயில் வழியாக நுழைவதில்லை. அமெரிக்காவில் மாணவர் பலர், சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டுகள் பயின்ற பின்னர் நான்காண்டுக் கல்லூரிக்கு மாறிப் பட்டம் பெறுகின்றனர். படிப்பின் முற்பகுதியை இங்கு முடித்து, எஞ்சியதை அமெரிக்காவில் தொடரும் ஏற்பாட்டை நம் நாட்டுத் தனியார் கல்லூரிகளும் 1980ஆம் ஆண்டுகளிலிருந்து நடத்தி வருகின்றன. ஆகவே, இம்முறையின் நன்மையையும் இடரையும் தோட்டப்புறப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

அந்நாட்டில் இன்றும் இயங்கிவரும் அரசாங்கச் சமுதாயக் கல்லூரிகளுள் மிகப் பழமையானது, இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901இல் தொடங்கப்பட்டதாகும். இக்கல்லூரிகளில் கட்டணம் குறைவு. உள்ளூர் மக்கள் வேலை பார்த்துக்கொண்டே மாலையிலும் பயிலலாம். சிறிய நான்காண்டுக் கல்லூரிகளோ பெரும்பாலும் தனியாருடையவை. அங்கே வகுப்பில் மாணவர் சிலரே இருப்பர். ஆசிரியர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறிவார்.

படித்து முடித்த ஒவ்வொரு பாடத்திற்கும் 'கிரெடிட்' எனும் மதிப்பு வழங்கப்படுகிறது. இளங்கலைப் பட்டத்திற்குப் பொதுவாக 120 கிரெடிட்டுகள் வேண்டும். இரண்டாண்டுகளில் 60 பெற்றவர், பாதி வழி கடந்துவிட்டதாக எண்ணுவது இயல்பே. ஆயினும், அந்த 60ஐயும் புதிய கல்லூரி அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு உறுதியில்லை.

வாளி நிறையப் பால் கொண்டு சென்றாலும், அதிலுள்ள உலர்ந்த ரப்பரின் அளவைச் சோதித்தே கணக்கு எழுதப்படுவதை நாம் அறிவோம். கல்லூரி மாற்றமும் அத்தகையதே. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள், தாங்கள் பெற்ற கிரெடிட்டுகளில் சராசரியாக 43 விழுக்காட்டை இழந்தனர் என்று அமெரிக்க அரசாங்கத் தணிக்கை அலுவலகம் 2017இல் மதிப்பிட்டது. இழந்த பாடங்களுக்கு ஈடாக மீண்டும் படிக்க நேர்ந்தால், காலமும் பணமும் இருமடங்காகச் செலவாகும்.

சிறிய கல்லூரிகளில் இதற்குத் தனிக் காரணங்களும் உண்டு. பட்டத்திற்குரிய பாடங்களில் பாதியையாவது தம்மிடமே பயில வேண்டும் எனப் பல கல்லூரிகள் விதித்துள்ளன. சில, கிரெடிட்டுக்குப் பதிலாகப் பாடங்களின் எண்ணிக்கையையே கணக்கிடுகின்றன. ஆசிரியர் குறைவாதலால், சில பாடங்கள் ஓராண்டு விட்டு ஓராண்டே நடைபெறும். ஏற்கப்பட்ட பாடமும் சிறப்புப் பாடமாகக் கொள்ளப்படாமல் விருப்பப் பாடமாக மட்டும் கொள்ளப்படலாம்.

எனினும், இவ்வழி அடைபட்ட வழியன்று. மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்மித் மகளிர் கல்லூரி, வழக்கமான மாணவர் வயதைக் கடந்த பெண்களுக்கென 1975இல் ஒரு திட்டம் தொடங்கியது. சமுதாயக் கல்லூரிகளிலிருந்து வந்தோரும் அதில் சேர்ந்து பட்டம் பெற்றுள்ளனர்.

மாற விரும்புவோர் கவனிக்க வேண்டியவை இவை:

முதலாவது, எந்தக் கல்லூரிக்கு மாறுவது என்பதை முதலாண்டிலேயே ஆராய வேண்டும். இரு கல்லூரிகளுக்கும் இடையே பாட ஏற்பு ஒப்பந்தம் உண்டா என வினவ வேண்டும்.

இரண்டாவது, எந்தெந்தப் பாடங்கள் எவ்வகையில் ஏற்கப்படும் என்பதை, சேரப்போகும் கல்லூரியிடமிருந்தே எழுத்து மூலம் பெற வேண்டும். அனுப்பும் கல்லூரியின் வாய்மொழி போதாது.

மூன்றாவது, ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பாடத்தின் தரத்தை மெய்ப்பிக்க அது உதவும்.

நான்காவது, உபகாரச் சம்பளம் மாறிவரும் மாணவருக்கும் வெளிநாட்டு மாணவருக்கும் கிடைக்குமா எனத் தனித்தனியே கேட்க வேண்டும். முதலாண்டு மாணவருக்குரிய சலுகை அனைவருக்கும் உரியதாகாது. விசாவுக்கு முன்னரே, செலவுக்குப் பணம் உண்டென்று வெளிநாட்டு மாணவர் சான்று காட்டியாக வேண்டும்.

நெடுநாள் உழைத்துச் சேமித்த பணத்தைப் பிள்ளையின் கல்விக்கு ஈடாக வைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆங்கிலத்தில் எழுதிக் கேட்கத் தயங்குவோர், பள்ளி ஆசிரியர் ஒருவரின் துணையை நாடலாம். பணம் கட்டுமுன் கேட்பதற்குச் செலவில்லை. கட்டிய பின் அறிவதற்கே செலவு அதிகம்.