அன்பா, நெருக்கடியா?

அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரம், கோடாக் கேமராவின் தாயகம். 1964-இல் அங்கே கறுப்பின மக்கள் பகுதியில் கலவரம் மூண்டது. மறு ஆண்டு, புராட்டஸ்டண்ட் சபைகளே சால் அலின்ஸ்கியை வரவழைத்தன. ஏழைகளை ஒன்று திரட்டுவதில் அவர் சூரர். 'ஃபைட்' என்ற சங்கம் பிறந்தது.

எதிராளியைக் குறிவைத்து, கேலி செய்து, பணிய வைப்பது அலின்ஸ்கியின் பாணி. பகைவனையும் நேசிக்கச் சொன்ன ஏசுநாதரின் அடியார்களுக்கு இது அடுக்குமா? சபைகளுக்குள்ளேயே சச்சரவு எழுந்தது.

600 பேருக்கு வேலை தருவதாக 1966 டிசம்பரில் கோடாக் அதிகாரி ஒருவர் சங்கத்துடன் கையெழுத்திட்டார். கம்பெனியோ அது செல்லாது என்றது. 1967-இல் சில சபைகள், கொடுத்த வாக்கைக் காக்காத நிர்வாகத்துக்குத் தங்கள் பங்குகளின் வாக்கைத் தர மறுத்தன. ஜூனில் கோடாக் சமரசத்துக்கு வந்தது.

நெருக்குவது பாவமல்ல, நெருக்கப்படுபவனும் அயலான்தான் என்பதை மறப்பதே பாவம்!