இணையவழிக் குற்றங்களில் தண்டனை அளவு: எழும்பூர்த் தீர்ப்பை முன்வைத்து

இணையவழிக் குற்றங்களுக்குச் சட்டம் பெரும்பாலும் தண்டனையின் உச்ச வரம்பையே வகுக்கிறது. அதற்குட்பட்ட அளவை நீதிமன்றம் தீர்மானிக்கிறது. சென்னை எழும்பூர் நீதிமன்றத்தின் 2004 நவம்பர் 5 தீர்ப்பு இதற்குச் சான்றாகும். பெண்ணொருவரைப் பற்றி இணையக் குழுவில் ஆபாசச் செய்திகளை வெளியிட்டவருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஆம் பிரிவின்கீழ் 2 ஆண்டும், இந்திய தண்டனைச் சட்டம் 469ஆம் பிரிவின்கீழ் 2 ஆண்டும், 509ஆம் பிரிவின்கீழ் 1 ஆண்டும் சிறை விதிக்கப்பட்டது. 67ஆம் பிரிவின் அன்றைய உச்ச வரம்பு 5 ஆண்டு. மூன்று தண்டனைகளையும் ஏககாலத்தில் அனுபவிக்க ஆணையிடப்பட்டமையால், கூட்டினால் 5 ஆண்டாகும் சிறை 2 ஆண்டாகச் சுருங்கியது.

குற்றங்களின் கடுமையைக் கருதியே இத்தகைய ஆணை அமைய வேண்டும் என்கிறது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 25ஆம் பிரிவு. ஆகவே, தண்டனையின் மெய்யான அளவை மதிப்பிட, பிரிவுகளோடு அவ்வாணைக்கான காரணத்தையும் ஆராய்தல் இன்றியமையாதது.