கை தெரிந்தது, ஆள் தெரியவில்லை

சேர்வராயன் மலைக்கு உல்லாசப் பிரயாணம் போகிறவர்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, ஏற்காட்டு ஏரியில் படகு விட்டுவிட்டு, மறு நாளே சேலத்துக்கு இறங்கி விடுகிறார்கள். ஏற்காட்டுக்கு அப்பாலும் மலை இருக்கிறது என்பதை அவர்களில் அநேகர் எண்ணிப் பார்ப்பதில்லை. அப்படி அப்பால் இருக்கிற கிராமங்களில் ஒன்று மாரமங்கலம். என் சிற்றப்பா அங்கே ஒரு சிறு காப்பித் தோட்டத்தை வைத்துக்கொண்டு காலட்சேபம் செய்து வருகிறார். சென்ற கார்த்திகைக் கடைசியில் அவர் வீட்டில் நான்கு நாள் தங்கும்படி நேர்ந்தது. நான்கு நாளும் மழை. மழை விட்டால் மூடுபனி.

வெளியே போக வழியில்லாத மூன்றாம் நாள், சிற்றப்பா பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார். உள்ளே சாஸனங்களும் கடன் பத்திரங்களும் இருக்கும் என்று நான் நினைத்தேன். இருந்தவை சித்திரக் கதைப் புஸ்தகங்கள்! அவருடைய பாலியத்தில் காசு சேர்த்து வாங்கியவை. மலைக் காற்றின் ஈரம் ஏடுகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்திருந்தது. மிச்சத்தை இராமபாணப் பூச்சி பார்த்துக்கொண்டது. மேலட்டை போன ஒரு புஸ்தகத்தை அவர் மெள்ள விரித்தார். பக்கத்தில், சேலத்தில் வாங்கிய புதிய மறுபதிப்புத் தொகுப்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, அவருடைய பன்னிரண்டு வயதுப் பேரன் உட்கார்ந்திருந்தான். இரண்டிலும் ஒரே கதை, ஒரே சித்திரம். பையன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து விட்டு, "தாத்தா, இதை வரைந்தது யார்?" என்று கேட்டான்.

ஐம்பது வருஷமாக அந்தச் சித்திரங்களில் சொக்கிப் போயிருந்த சிற்றப்பாவுக்குப் பதில் தெரியவில்லை.

மாயாவியின் பிறப்பு

அந்தக் கதை 'இரும்புக்கை மாயாவி'. சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடு அதுவே. வருஷம் 1972. ஆரம்ப காலத்தில் முல்லை தங்கராசன் அதற்கு ஆசிரியராய் இருந்தார். வாணமும் தீப்பெட்டியும் நாட்காட்டியும் செய்து தேசமெங்கும் அனுப்பிய ஊர், சில்லறைக் காசுக்கு ஒரு மாயாவியையும் தமிழ்க் குழந்தைகளுக்கு அனுப்பியது.

மாயாவியின் பிறந்த ஊர் லண்டன். 1962-ம் வருஷம் அக்டோபரில் 'வாலியண்ட்' என்ற சிறுவர் வாரப் பத்திரிகையில் அவன் தோன்றினான். லூயிஸ் கிராண்டேல் என்ற ஆராய்ச்சிக்கூட உதவியாளன் ஒரு விபத்தில் வலக்கையை இழக்கிறான். அதற்குப் பதிலாக எஃகினால் ஒரு கை பொருத்துகிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் முழுவதும் மறைந்து விடுகிறது. எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் தெரிகிறது! முதலில் கெட்ட வழியில் போனவன், பிற்பாடு நல்ல வழிக்குத் திரும்பித் துஷ்டர்களை ஒடுக்குகிறான். ஆங்கிலத்தில் கதையின் பெயர் 'ஸ்டீல் கிளா'. அந்தப் பெயரில் கை மட்டுமே இருக்கிறது. தமிழ்ப் பெயரில் கையும் இருக்கிறது, மறைகிற மாயமும் இருக்கிறது. மூலத்தை விட மொழிபெயர்ப்புப் பெயர் பொருத்தமாய் அமைந்தது என்று நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

"அந்நியச் சரக்குக்கு இவ்வளவு ஆரவாரமா?" என்று சில பெரியவர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் பாட புஸ்தகத்தைத் தவிர வேறு அச்செழுத்தைக் காணாத எத்தனையோ சிறுவர்கள், அடுத்த கட்டத்தில் மாயாவி பிழைத்தானா என்று அறியும் அவசரத்தில் தமிழை வேகமாய்ப் படிக்கப் பழகினார்கள். சிற்றப்பாவும் அவர்களில் ஒருவர். கதை அந்நியம், அதனால் வளர்ந்த வாசிப்பு நம்முடையது.

பெயரில்லாத கைகள்

இப்போது பையனின் கேள்விக்கு வருவோம். மாயாவியை உயிரோடு உலவ விட்டவர் ஜெஸூஸ் பிளாஸ்கோ. பார்ஸிலோனா நகரத்துக்காரர், 1919-ல் பிறந்து 1995-ல் காலமானவர். கதையை முதலில் கென் பல்மரும் பிறகு டாம் டல்லியும் எழுதினார்கள். அந்நாளைய ஆங்கிலச் சிறுவர் பத்திரிகைகளிலோ, எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் அச்சிடுகிற வழக்கம் பெரும்பாலும் இல்லை. அவர்கள் ஊரிலேயே பெயர் இல்லாதபோது, கடல் கடந்து சிவகாசிக்கும், அங்கிருந்து சேர்வராயன் மலைக்கும் அது எப்படி வந்து சேரும்? கதையில் மாயாவிக்கு நேர்ந்தது கதையைப் படைத்தவர்களுக்கும் நேர்ந்தது. கை தெரிந்தது, ஆள் தெரியவில்லை.

இதைவிட விசித்திரமான உதாரணம் ஒன்று உண்டு. சௌந்தரபாண்டியனின் குமாரர் விஜயன் 1984-ல் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதில் தமிழ்ச் சிறுவர்களைக் கட்டிப்போட்டவன் ஸ்பைடர். குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தியாக வேண்டும் என்று புறப்பட்டு, பிற்பாடு குற்றவாளிகளையே வேட்டையாடிய வீரன். 1965-ல் ஆங்கிலத்தில் அவனைப் படைத்தவர் டெட் கோவன். வரைந்தவர் ரெஜ் பன். சீக்கிரத்திலேயே கதை எழுதும் பொறுப்பை ஏற்றவர் அமெரிக்கரான ஜெர்ரி சீகல். யார் இந்தச் சீகல்? 1938-ம் வருஷம் ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனை உலகுக்கு அளித்தவர்! சூப்பர்மேனின் உரிமை முழுவதையும் அவ்விருவரும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்து விட்டார்கள். சூப்பர்மேன் கோடி கோடியாய்ச் சம்பாதித்தான். படைத்தவர்கள் நெடுங்காலம் கஷ்டப்பட்டார்கள். ஊரறிய அவர்கள் முறையிட்ட பிறகே, 1975-ல் வருஷச் சம்பளமும், கதையின் தலைப்பில் தங்கள் பெயரும் கிடைத்தன. அப்படிப்பட்டவர் எழுதிய கதையை, அவர் எழுதியது என்று அறியாமலே தமிழ்நாட்டுச் சிறுவர்கள் படித்து மகிழ்ந்தார்கள்.

மறுபதிப்பு எதற்கு?

பழைய வீரக் கதைகளைத் தொகுத்து வெளியிடும் முயற்சி அமெரிக்காவிலும் தாமதமாகத்தான் வந்தது. 1965-ல் ஜூல்ஸ் ஃபைஃபர் பழைய கதைகள் சிலவற்றைத் தம் கட்டுரையுடன் ஒரு புஸ்தகமாக்கினார். மார்வெல் கம்பெனி 1987-லும், சூப்பர்மேனை வெளியிடும் டி.ஸி. கம்பெனி 1989-லும் கெட்டி அட்டைத் தொகுப்புகளை வரிசையாகக் கொண்டு வரத் தொடங்கின. பிரிட்டனில் மாயாவியின் ஆரம்பக் கதைகள் 2005-ல் ஒரு தொகுப்பாகவும், 2021-ல் மற்றொரு தொகுப்பாகவும் வந்தன. தமிழில் மாயாவியும் ஸ்பைடரும் பலமுறை மறு அச்சுக் கண்டிருக்கிறார்கள். 2012-ல் லயன் காமிக்ஸ் புத்துயிர் பெற்று எழுந்த பிறகு, பழைய கதைகளுக்கு நல்ல காகிதமும் தெளிந்த அச்சும் கிடைத்தன.

இந்தப் புஸ்தகங்களுக்கு மறுபதிப்பு ஏன் அவசியம் என்பதைச் சிற்றப்பாவின் பெட்டியே சொல்லும். மலிவு விலைக்காக மரக்கூழ்க் காகிதத்தில் அச்சிட்டவை அவை. மரத்தின் லிக்னின் என்ற சத்து நீங்காத காகிதம், காற்றும் வெளிச்சமும் பட்டு மஞ்சளித்து, பிறகு மடித்த இடத்தில் ஒடியும். படித்தவர்களோ, "குழந்தைச் சமாசாரம்" என்று எடைக்குப் போட்டு விட்டார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா, மற்றவர்கள் குப்பை என்று தள்ளிய அச்சுக் காகிதங்களையும் வீட்டில் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரத்தின் மேல்தான் 1994-ல் சென்னையில் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. எல்லா ஊருக்கும் ஒரு முத்தையா கிடைப்பாரா?

ஆகையால் மறுபதிப்பு வெளியிடுகிறவர் செய்வது ஒரு காவற்காரனின் வேலை. அதற்குத் தக்கபடி நாம் சில கடமைகளை அவரிடம் எதிர்பார்க்கலாம். கதையைக் குறைக்காமல் முழுதாகப் போட வேண்டும். முதலில் எந்த வருஷம் வெளிவந்தது என்று சொல்ல வேண்டும். எழுதியவர், வரைந்தவர், தமிழாக்கியவர் மூவரின் பெயரும் முதல் ஏட்டில் இருக்க வேண்டும். பெயர் அச்சிட ஒரு வரி இடம் போதும். கூடுதல் செலவு ஒன்றுமில்லை.

இன்னொன்றும் உண்டு. வழுவழுப்பான காகிதத்தில் வரும் கனத்த தொகுப்பை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நரைத்த தலைக்காரர்கள். அவர்களுடைய ஏக்கம்தான் இந்தத் தொழிலைத் தாங்குகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் மாயாவி ஆதியில் பையன்களின் சில்லறைக்கு வந்தவன். கெட்டி அட்டைப் பதிப்புக்குப் பக்கத்தில், பையன் கைக்காசுக்கு எட்டும் மெல்லிய பதிப்பு ஒன்றும் இருக்கட்டும். இல்லாவிட்டால் இந்த நரைத்த தலைகளுக்குப் பின் படிக்க ஆள் இருக்கமாட்டார்கள்.

நான்காம் நாள் காலை வெயில் வந்தது. காப்பிப் பழம் காயும் களத்தின் ஓரத்தில் ஒரு கோணியை விரித்து, சிற்றப்பா தம் புஸ்தகங்களையும் காயப் போட்டார். நான் பிளாஸ்கோவைப் பற்றிச் சொன்னதைப் பையன் மறக்கவில்லை. பென்ஸிலைக் கொண்டு வந்து, அட்டை போன அந்தப் புஸ்தகத்தின் முதல் ஏட்டில், எழுத்துக் கூட்டி மெதுவாக, 'ஜெஸூஸ் பிளாஸ்கோ' என்று எழுதினான். எழுதி விட்டு, "தமிழில் எழுதியவர் பெயர், தாத்தா?" என்று நிமிர்ந்தான்.

சிற்றப்பா என் முகத்தைப் பார்த்தார்.