உங்களுக்குத் தெரியுமா? கெரில்லாவுக்கு முந்திய நெல்லைப் போர்

1801 பிப்ரவரி 2. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை. வெள்ளையர் இடித்துப்போட்ட பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டை ஒரே வாரத்தில் மீண்டும் எழுந்தது! மார்ச் 31 அன்று பாய்ந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைச் சுவரேறவிடாமல் நீண்ட ஈட்டிகளால் குத்தித் தள்ளினார்கள் வீரர்கள். மே 24இல்தான் கோட்டை வீழ்ந்தது. எதிரணியில் நின்று போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளியான தம் ராணுவ நினைவுக் குறிப்புகளில் ஊமைத்துரையை மனம்விட்டு வியந்திருக்கிறார். இடையன்குடியில் வாழ்ந்த ஆயர் கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றிலும் இப்போர் விரிவாக உண்டு.

ஆனால், இது தனியொரு பாளையத்தின் சண்டையல்ல. சிவகங்கை, திண்டுக்கல் எனப் பரந்த கூட்டணியின் கிளர்ச்சி என்று 1971இல் தனி நூலாகவே எழுதியவர் பேராசிரியர் கே. ராஜய்யன்.

‘கெரில்லா’ என்ற சொல்லை உலகறியச் செய்த ஸ்பெயின் போர் தொடங்கியது 1808இல்தான்; இந்த நெல்லைப் போர் அதற்கு ஏழாண்டுகள் முந்தியது.