எறும்பூரக் கல்லும் தேயும்: புதிய காரில் தோன்றும் வட்டக் கீறல்கள்

புலம்பெயர்ந்து வந்த எம்மவர் வாழ்வில் புதிய கார் ஒன்றை வாங்குவது சிறு நிகழ்வன்று. விடுதிச் சமையலறைகளிலும் சலவைக்கூடங்களிலும் ஆண்டுக்கணக்காக நின்று உழைத்து, ஊருக்கும் அனுப்பி, சீட்டும் கட்டி, எஞ்சியதைச் சேர்த்து வாங்கும் பொருள் அது. டாவோஸ் போன்ற மலையூரில் அது ஆடம்பரமும் அன்று. சூரிச் நகருக்கு ஏறத்தாழ 150 கிலோமீற்றர். உறவினர் வீட்டுத் திருமணமோ, அட்லிஸ்வில் முருகன் கோயிலோ, தமிழ்க் கடையோ, எதுவாயினும் மலையிறங்கியே செல்ல வேண்டும்.

அவ்வாறு வாங்கிய காரின் மேனியில் சில மாதங்களுக்குள் சிலந்திவலை போன்ற மெல்லிய வட்டக் கீறல்கள் தென்படுகின்றன என்ற முறைப்பாட்டை நாம் பலரிடமிருந்து கேட்டு வருகின்றோம். விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்பர் சிலர். கழுவத் தெரியாமல் கெடுத்துவிட்டோம் என்று தம்மையே நொந்துகொள்வர் வேறு சிலர். உண்மை எது, செய்யத்தக்கது எது, சட்டம் என்ன சொல்கின்றது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

வட்டமாகத் தெரிவது ஏன்?

எவர்சில்வர் தட்டு ஒன்றை மின்குமிழின் கீழ்ப் பிடித்துப் பாருங்கள். குமிழின் பிம்பத்தைச் சுற்றி வட்டவட்டமாகக் கோடுகள் தெரியும். தட்டைச் சற்று நகர்த்தினால் வட்டங்களும் உடன் நகரும். உண்மையில் தட்டில் வட்டக் கோடுகள் இல்லை. எல்லாத் திசைகளிலும் ஓடும் எண்ணற்ற நுண்ணிய கீறல்களே உள்ளன. அவற்றுள் ஒளி வரும் திசைக்குக் குறுக்காக அமைந்தவை மாத்திரம் ஒளியை எம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புவதால் அவை வட்டம்போற் காட்சியளிக்கின்றன. காரின் மேனியிலும் நிகழ்வது இதுவே.

இதிலிருந்து மற்றொன்றும் விளங்கும். முகில் மூடிய வானத்தின் கீழும், குழல்விளக்குகள் நிறைந்த விற்பனைக் கூடத்திலும் ஒளி எல்லாப் பக்கத்தாலும் பரவி வருவதால் இக்கீறல்கள் கண்ணுக்குப் புலப்படா. ஒரே புள்ளியிலிருந்து வரும் கடும் ஒளியில், அதாவது நேர் வெயிலிலோ கைவிளக்கிலோதான் அவை வெளிப்படும். நவம்பர் மாதத்து மாலையில், இருள் கவிந்தபின் காரைப் பெற்றுக்கொண்ட ஒருவர், மார்ச் மாதத்து வெயிலில் அதனைக் கண்டு திடுக்கிடுவதற்குக் காரணம் இதுவே. கறுப்பு, கடுநீலம் முதலிய கரிய நிறங்களில் இவை பளிச்செனத் தெரியும். வெள்ளையிலும் வெள்ளி நிறத்திலும் அதே அளவு கீறல் இருந்தாலும் கண்ணுக்கு எளிதில் அகப்படாது.

பூச்சின் அமைப்பு

1990ஆம் ஆண்டின் பின்னர், பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணத்து மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களை எமது வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். அக்காலக் கார்களின் பூச்சில் நிறமும் மினுக்கமும் ஒரே படலத்தில் இருந்தன. தேய்த்து மினுக்கும்போது துணியில் நிறம் ஒட்டும். மங்கினால் மீண்டும் பூசுவார்கள்.

இன்றைய காரின் அமைப்பு வேறு. உலோகத்தின்மேல் துருத்தடுப்புப் படலம், அதன்மேல் அடிப்பூச்சு, அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற வார்னிசுப் படலம் எனப் பல அடுக்குகள் உள்ளன. அனைத்தும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்றோன் வரையிலான தடிப்பே. மேலுள்ள வார்னிசுப் படலம் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்றோன். மனிதத் தலைமயிர் ஒன்றின் தடிப்புச் சுமார் 70 மைக்றோன் என்பதை எண்ணிப் பார்த்தால், எத்துணை மெல்லிய ஆடையைக் கார் அணிந்துள்ளது என்பது புரியும். வட்டக் கீறல்கள் இவ்வார்னிசுப் படலத்தின் மேற்புறத்தில் ஓரிரு மைக்றோன் ஆழத்தில் மாத்திரம் விழுபவை. நகத்தால் மெல்ல வருடும்போது நகம் தடக்கினால் அது ஆழமான கீறல். மினுக்குவதால் முற்றாக மறையாது. தடக்காவிட்டால் அஞ்சத் தேவையில்லை.

எங்கிருந்து வருகின்றன?

எறும்பூரக் கல்லும் தேயும் என்பது எம் முன்னோர் வாக்கு. அழுக்குடன் துடைக்கும் ஒவ்வொரு தடவையும் கார் சிறிது தேய்கின்றது. டாவோஸ் கடல் மட்டத்திலிருந்து 1560 மீற்றர் உயரத்தில் உள்ளது. இத்தகைய ஊர்களில் பனிக்காலத் தெருக்களில் உப்பும் பொடிக்கற்களும் தூவப்படுகின்றன. சக்கரங்கள் வாரியிறைக்கும் இக்கலவை கதவுகளின் கீழ்ப்பகுதியில் படிகின்றது. அதை ஈரத்துணியால் துடைப்பது மண்தாளால் தேய்ப்பதற்கு நிகரானது.

சகாரா பாலைவனத்துத் தூசும் காற்றோடு அல்ப்ஸ் மலைகளைக் கடந்து வருவதுண்டு. 2021ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் நாள் வானமும் பனிப்பரப்பும் செம்மஞ்சளாகியதைப் பலர் கண்டிருப்பர். அத்தூசில் உள்ள படிகக்கல் துகள்கள் கத்தியின் உருக்கை விடக் கடினமானவை. மறுநாட் காலையில் பழந்துணி கொண்டு உலரத் துடைத்தவர்கள் தம் கையாலேயே கீறல்களை வரைந்துகொண்டவர்களாவர்.

பனியை வாரும் கடினமான தூரிகை மூன்றாவது காரணம். கண்ணாடி, விளக்கு, இலக்கத்தகடு, கூரை ஆகியவற்றிலுள்ள பனியை அகற்றிய பின்னரே காரைச் செலுத்தல் வேண்டும். ஆனால் அதற்காகத் தகடுவரை சுரண்டத் தேவையில்லை. நுரைப்பஞ்சுத் தலையுள்ள வாரியால் மேற்பனியைத் தள்ளிவிட்டு, கடைசி மெல்லிய படையை விட்டுவிடலாம். கண்ணாடிக்குரிய பனிச்சுரண்டியைப் பூச்சின்மேல் ஒருபோதும் வைத்தலாகாது.

எம்மவருக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. புதிய காருக்குக் கோயிலில் பூசை செய்வித்து, முன்மூடியில் திருநீற்றையும் சந்தனத்தையும் இடுவது எம் வழக்கம். அது நல்ல வழக்கமே. ஆயின் காய்ந்த சந்தனத்தையும் நீற்றையும் பின்னர் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பதுதான் கேடு. கண்ணாடியில் இடுமாறு ஐயரிடம் கேட்டுக்கொள்ளலாம். அல்லது அன்றே நிறைய நீர் ஊற்றிக் கரைத்துவிடலாம்.

இவை யாவும் வாங்கிய பின் நேர்பவை. வாங்குமுன் நேர்பவையும் உள. விற்பனைக்கு முன்னர் காரைத் தூரிகை இயந்திரத்தில் கழுவி, சுழலும் இயந்திரத்தால் அவசரமாக மினுக்கிக் கொடுக்கும் கராஜ்கள் இருக்கின்றன. அவ்வாறு மினுக்கப்பட்ட மேனியில், பார்வை மாறும்போது அசையும் நிழல்போன்ற பட்டைகள் தெரியும். அவை துடைத்ததால் வருபவை அல்ல; இயந்திரத்தின் அடையாளங்கள். இவ்வேறுபாட்டை அறிந்திருப்பது வழக்குப் பேசும்போது உதவும்.

சட்டம் சொல்வது

சுவிற்சர்லாந்தின் கடப்பாட்டுச் சட்டத்தின் 201ஆம் பிரிவு வாங்குபவர்மீது ஒரு கடமையைச் சுமத்துகின்றது. பொருளைப் பெற்றவுடன், வழமையில் இயலக்கூடிய விரைவில் அதைப் பரிசோதித்து, குறை கண்டால் உடனே விற்றவருக்கு அறிவித்தல் வேண்டும். அறிவிக்கத் தவறின் பொருளை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். சாதாரண பரிசோதனையில் தெரியாத மறைகுறையாயின், அது தெரியவந்தவுடன் அறிவித்தல் வேண்டும்.

எம்மவரில் பலர் இடறுவது இவ்விடத்திலேயே. 2013ஆம் ஆண்டு தொடக்கம் புதிய பொருள்களுக்கான உரிமைக் காலம் ஓராண்டிலிருந்து ஈராண்டாக உயர்த்தப்பட்டது. இதனைக் கேள்வியுற்றவர்கள், இரண்டு ஆண்டுகள் இருக்கின்றனதானே என ஆறியிருந்துவிடுகின்றனர். ஈராண்டு என்பது உரிமை கோரும் காலத்தின் எல்லை. வாய்மூடி இருப்பதற்கான அனுமதியன்று. குறையைக் கண்டபின் ஓரிரு வாரம் தாமதித்தாலே காலம் கடந்துவிட்டதென வாதிட விற்றவருக்கு இடமுண்டு.

குறை உறுதியானால் விற்பனையை நீக்கவோ விலையைக் குறைக்கவோ கோரலாம் என்கின்றது 205ஆம் பிரிவு. ஆயினும் சிறு கீறலுக்காகக் காரையே திருப்பிக் கொடுப்பதை நீதிமன்றம் ஏற்கும் என எதிர்பார்த்தல் தகாது. விலைக்குறைப்போ, அவர்கள் செலவில் முறையான மினுக்கலோ கேட்பதே நடைமுறைக்கு உகந்தது. ஒப்பந்தத்தில் இவ்வுரிமைகள் மட்டுப்படுத்தப்பட்டிருக்கவும் கூடும். ஆயின் விற்றவர் குறையை வேண்டுமென்றே மறைத்திருந்தால் அத்தகைய மட்டுப்பாடு செல்லாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது சான்று. காரைப் பெற்ற நாளிலேயே கீறல் இருந்தது என்பதை நிறுவும் பொறுப்பு வாங்கியவருடையது. ஆகவே காரைப் பகல் வெளிச்சத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். கைவிளக்கைக் கொண்டு சென்று ஒவ்வொரு தகட்டையும் பார்த்துப் படம் பிடியுங்கள். கண்டதைக் கையளிப்புப் பத்திரத்தில் எழுதுவித்த பின்னரே கையொப்பமிடுங்கள். ஜேர்மன் மொழியில் உள்ளதைப் படிக்க இயலாவிடின், பள்ளி செல்லும் பிள்ளையையோ மொழியறிந்த நண்பரையோ அழைத்துச் செல்வதில் வெட்கம் எதுவுமில்லை. பின்னர் குறை கண்டால் தொலைபேசியில் பேசுவதோடு நில்லாது, படங்களை இணைத்துப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். லீசிங் முறையில் எடுத்த காராயின், உரிமையாளர் லீசிங் நிறுவனமே ஆதலால் அவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்புதல் நன்று.

நீக்கும் முறை

கீறலை மறைத்தல் வேறு, நீக்குதல் வேறு. கடைகளில் விற்கும் மெழுகுகளும் எண்ணெய்ப் பசைகளும் பள்ளங்களை நிரப்பி மறைக்கின்றன. சில கழுவல்களின் பின் கீறல் மீண்டும் தெரியும். உண்மையில் நீக்குவதாயின், கீறலின் அடிமட்டம்வரை வார்னிசுப் படலத்தைச் சமமாக மெல்லத் தேய்த்து எடுக்க வேண்டும். எனவே ஒவ்வொரு மினுக்கலும் மீளப்பெற முடியாத செலவு.

டாவோசில் இச்செலவு மேலும் கனமானது. இவ்வூரின் வெயிலை அளந்தறிய 1907ஆம் ஆண்டில் ஆய்வுநிலையம் ஒன்றை நிறுவியவர், மகளின் காசநோய் காரணமாக இங்கு வந்து குடியேறிய கார்ல் டோர்னோ. ஊதாக்கதிர் பற்றிய ஆய்வில் அவர் முன்னோடி. உயரம் ஆயிரம் மீற்றர் கூடும்போது ஊதாக்கதிர் ஏறத்தாழப் பத்து வீதம் கூடுகின்றது. புதுப்பனி அதில் பெரும்பங்கைத் திருப்பி எறிகின்றது. இக்கதிரிலிருந்து நிறத்தைக் காக்கும் பொருள் வார்னிசுப் படலத்திலேயே கலக்கப்பட்டுள்ளது. அப்படலத்தை அளவின்றித் தேய்ப்பவர் காரின் குடையைக் கிழிப்பவராவார்.

ஆதலால் முதலில் பூச்சின் தடிப்பை அளக்கும் கருவி உள்ளவரிடம் செல்லுங்கள். ஒரு சிறு பகுதியில், மிக மென்மையான பசையும் மென்பஞ்சும் கொண்டு முயன்று பார்க்கச் சொல்லுங்கள். சுழற்சியோடு அதிர்வும் சேர்ந்த இயந்திரம், வெறுமனே சுழலும் இயந்திரத்தை விடப் பாதுகாப்பானது. முடிந்ததும் நீர் கலந்த அற்ககோலால் எண்ணெயைத் துடைத்துவிட்டு வெயிலில் பாருங்கள்; அப்போதுதான் நீங்கியதா, மறைந்ததா என்பது தெரியும். எண்பது வீதம் நீங்கினாற் போதுமென விட்டுவிடுதல் அறிவுடைமை. பற்பசையால் தேய்த்தல், பாத்திரம் தேய்க்கும் பஞ்சால் உரஞ்சுதல் முதலிய கைவைத்தியங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

இனி வராதிருக்க

கழுவுமிடத்தில் முதலில் அழுத்த நீரால் அழுக்கைக் கரைத்து இறக்குங்கள். இரண்டு வாளிகள் வையுங்கள்: ஒன்றில் காருக்குரிய சவர்க்கார நீர், மற்றதில் கையுறையை அலசும் வெறும் நீர். கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி வாருங்கள். சக்கரத்துக்குத் தனித்துணி. மென்மையான மைக்றோபைபர் துவாயை அழுத்தாமல் விரித்து ஈரத்தை ஒற்றி எடுங்கள். நிலத்தில் விழுந்த துணியை மீண்டும் எடுத்தல் கூடாது. ஆண்டுக்கு இருமுறை மெழுகிடுங்கள்.

வீட்டு முற்றத்தில் கழுவும் எம்மூர்ப் பழக்கம் இங்கு சிக்கலானது. 1992 நவம்பரில் நடைமுறைக்கு வந்த நீர்ப்பாதுகாப்புச் சட்டம் அழுக்கு நீரை மண்ணிலும் ஆற்றிலும் விடுவதைத் தடுக்கின்றது. டாவோசின் லான்ட்வாசர் ஆறு அல்புலாவோடு கலந்து றைன் நதியில் சேர்வது. மேலும் பல இடங்களில் ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாட்களிலும் கார் கழுவுதல் தடைசெய்யப்பட்டுள்ளது. உங்கள் நகரசபையின் விதியைக் கேட்டறிந்து, வாரநாளில் சுயசேவைக் கழுவுமிடத்துக்குச் செல்வதே உகந்தது.

வட்டக் கீறலால் கார் நின்றுவிடப் போவதில்லை. பயணத்துக்கும் அதனால் ஊறு இல்லை. ஆயினும் விற்கும் நாளில் விலை குறையும்; பிறரால் நேர்ந்த குறையாயின் அவ்விழப்பை நாம் சுமக்க வேண்டியதில்லை. மொழி தெரியாதவர், அந்நாட்டவர் அல்லர் என்பதற்காகக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு மௌனமாகத் திரும்பும் காலம் எமக்கு முடிந்துவிட்டது. பார்த்து வாங்குவோம், கண்டதை எழுத்தில் கேட்போம், கிடைத்ததைப் பொறுமையோடு பேணுவோம்.