எனக்குக் கிடைத்தது எட்டு

சென்ற ஆண்டு, தேர்வுக்கு மூன்று வாரங்கள் இருந்தபோது விடுதி அறையில் உட்கார்ந்து ஒன்பது கேள்விகளுக்குப் பதிலளித்தேன். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, தூக்கம் கெட்டதா, களைப்பாக இருந்ததா, கவனம் சிதறியதா என்பன போன்ற கேள்விகள் அவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27.

'பிஎச்கியூ-9' எனப்படும் இந்த வினாத்தாளைப் பல நாடுகளில் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். பொதுவாக 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு நோய் உள்ளதா என்று மேலும் ஆராய்வார்கள். எனக்குக் கிடைத்தது 8.

"அப்பாடா, ஒன்றுமில்லை" என்று மடிக்கணினியை மூடினேன்.

உண்மையில் ஏதோ இருந்தது. வகுப்புக்குப் போனேன், வேலைகளை நேரத்தோடு ஒப்படைத்தேன். ஆனால், புதன்கிழமை தவறாமல் போகும் பூப்பந்து விளையாட்டை நிறுத்தி இரண்டு மாதமாகியிருந்தது. தோழிகளின் குறுஞ்செய்திகளைப் படிப்பேன், பதில் போடமாட்டேன். வார இறுதியில் வீட்டுக்குப் போனால் அம்மா கேட்பார், "என்னம்மா, சரியாவே சாப்பிடல?" என் பதில் எப்போதும் ஒன்றுதான்: "ஒண்ணுமில்லம்மா, அசைன்மென்ட் நிறைய."

மனநலக் கழகத்தின் தேசிய இளையர் மனநல ஆய்வு 2024ல் வெளியானது. 15 முதல் 35 வயதுக்குட்பட்டோரில் ஏறக்குறைய மூவரில் ஒருவர், மனச்சோர்வு, மனப்பதற்றம், மனவுளைச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் கடுமையான அல்லது மிகக் கடுமையான அறிகுறிகள் இருப்பதாகக் கூறியிருந்தனர். நான் அந்த ஒருவர் இல்லை. மற்ற இருவரில் ஒருத்தி. அதனால் உதவி கேட்க எனக்கு உரிமையில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உளவியல் பாடத்திற்காகக் கட்டுரை எழுத நேர்ந்தபோதுதான் என்னுடைய நிலைக்கு ஒரு பெயர் இருப்பது தெரிந்தது: வரம்புக்குக் கீழான மனச்சோர்வு.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டின்படி, மனச்சோர்வு நோய் என்று உறுதிசெய்ய ஒன்பது அறிகுறிகளில் ஐந்தாவது இருக்க வேண்டும். அவை இரண்டு வாரங்களாவது நீடிக்க வேண்டும். அவற்றுள் ஒன்று சோகமான மனநிலையாகவோ ஆர்வமின்மையாகவோ இருப்பது கட்டாயம். மூன்றோ நான்கோ அறிகுறிகள் இருப்பவர் இந்த வரம்புக்குள் வரமாட்டார். யாருக்கு எந்தச் சிகிச்சை என்று முடிவெடுக்க மருத்துவர்களுக்கு ஒரு கோடு தேவைதான். ஆனால், கோட்டுக்குக் கீழே இருப்பவர் எல்லாரும் நலமாக இருக்கிறார் என்று அது சொல்லவில்லை.

அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் ஜட் தம் குழுவினருடன் 1990களிலேயே இதைக் கவனித்தார். குறைவான அறிகுறிகள்கூட அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கின்றன என்று அவர்களின் ஆய்வுகள் காட்டின. பிந்தைய ஆய்வுகள், இந்நிலையில் இருப்பவர்களுக்குப் பின்னாளில் முழு மனச்சோர்வு வரும் சாத்தியம் மற்றவர்களைவிட அதிகம் என்று கூறின.

என்னை யோசிக்க வைத்தது ஜெர்மனியில் நடந்து 2016ல் வெளியான ஓர் ஆய்வு. வரம்புக்குக் கீழான மனச்சோர்வு கொண்ட 406 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு இணையவழிப் பயிற்சி தரப்பட்டது. மனத்துக்குப் பிடித்த செயல்களுக்குத் திரும்புவது, பிரச்சினைகளைப் படிப்படியாகத் தீர்ப்பது ஆகியவற்றை அவர்கள் பயின்றனர். பயிற்றுநர் ஒருவரும் வழிகாட்டினார். மற்றொரு பிரிவினருக்கு மனச்சோர்வு பற்றிய தகவல்கள் மட்டும் கிடைத்தன. ஓராண்டில், தகவல் மட்டும் பெற்றவர்களில் 41 விழுக்காட்டினருக்கு முழு மனச்சோர்வு ஏற்பட்டது. பயிற்சி பெற்றவர்களில் அது 27 விழுக்காடு.

இந்த எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பயிற்சி பெறாதவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் வரவில்லை. தேர்வில் மதிப்பெண் குறைந்த வருத்தமெல்லாம் நோயும் ஆகாது. ஆனால், சின்ன உதவி பெரிய பலன் தரக்கூடிய கட்டம் இதுதான். பல் வலி தாங்க முடியாமல் போகும்வரை காத்திருந்தா பல் மருத்துவரிடம் போகிறோம்?

அந்த வாரம் அம்மாவிடம் முதன்முறையாக, "ஏதோ சரியில்லம்மா" என்றேன். அம்மா அறிவுரை எதுவும் சொல்லவில்லை. தேநீர் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு பல்கலைக்கழக ஆலோசகரை நான்கு முறை சந்தித்தேன். அவர் முதலில் கொடுத்த 'வீட்டுப்பாடம்', ஆசை வரும்வரை காத்திருக்காமல் புதன்கிழமை பூப்பந்துக்குப் போவது. முதல் இரண்டு வாரம் வேண்டா வெறுப்பாகத்தான் போனேன். மூன்றாவது வாரம், ஆட்டம் முடிந்தும் வீட்டுக்குக் கிளம்ப மனமில்லாமல் பேசிக்கொண்டிருந்தோம்.

நீங்களும் அந்த வினாத்தாளை நிரப்பியிருக்கலாம். எண் சிறியதாக இருந்தாலும் சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால், நம்பும் ஒருவரிடம், பள்ளி ஆலோசகரிடம் சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் சிறிதளவு வந்தாலும் மதிப்பெண்ணைப் பார்க்கவே வேண்டாம். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767 எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம்.

எட்டு என்பது பத்தைவிடக் குறைவுதான். அது 'ஒன்றுமில்லை' ஆகிவிடாது.