ஊரிலிருந்து உறவினர் வந்தால்...

வெளி மாநிலத்தில் குடித்தனம் நடத்தும் நம் குடும்பங்களுக்கு ஒரு பொது வழக்கம் உண்டு. எத்தனை வருஷம் ஓர் ஊரில் இருந்தாலும், அந்த ஊரை நாம் சுற்றிப் பார்ப்பது உறவினர் வரும்போதுதான். ஆபீஸ், பள்ளிக்கூடம், காய்கறி, காஸ் சிலிண்டர் என்று ஓடுகிற ஓட்டத்தில் நமக்கு ஊர் என்பது நாலு பஸ் ரூட்தான். "டிக்கெட் எடுத்தாச்சு" என்று போன் வந்த பிறகுதான், எதைக் காட்டுவது, எத்தனை நாளில் காட்டுவது என்ற யோசனையே பிறக்கிறது.

இந்தப் பொங்கல் கழிந்ததும் என் கணவரின் பெற்றோர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்தார்கள். ஊர்ப் பெயர் 2001-லேயே மாறிவிட்டாலும் மாமாவுக்கு இன்னும் கல்கத்தாதான். மாமாவுக்கு எழுபத்து நான்கு வயது. பஞ்சு மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தைக்கு அறுபத்தெட்டு. பெரிய வீட்டில் இருவரும் தனியாக இருக்கிறார்கள். சென்ற வருஷம் அத்தை கிணற்றடியில் வழுக்கி விழுந்ததிலிருந்து, "எங்களோடு வந்து இருந்துவிடுங்கள்" என்று என் கணவர் சொல்லாத நாளில்லை. "பாஷை தெரியாத ஊர்ல என்னை ஊமையா உட்காரச் சொல்றியா?" என்பதே மாமாவின் பதில். ஆகவே இந்த முறை ஊர் காட்டுவது வெறும் ஊர் சுற்றலாக இருக்கவில்லை. அது எங்களுக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரிந்திருக்கும்.

பெரியவர்களை வரவழைக்க நினைக்கும் மற்றக் குடும்பங்களுக்கும் உதவுமே என்று எங்கள் அனுபவத்தை எழுதுகிறேன்.

ஆற்றின் மேலும் கீழும்

ஹவுரா பாலத்தைக் காட்டத் தனியாகப் புறப்பட வேண்டியதில்லை. ஸ்டேஷனிலிருந்து டாக்சி ஏறியதும் அதுவே எதிரே வந்து நிற்கும். 1943-ல் திறக்கப்பட்ட இந்தப் பாலத்தில் சுமார் 26,500 டன் எஃகு இருக்கிறது. ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. நட்டு, போல்ட்டு இல்லாமல் முழுவதும் ரிவெட் அடித்துச் சேர்த்தது. இதை என் கணவர் சொன்னதும் மாமா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஒரு போல்ட்டுகூடவா இல்லை?" என்று மூன்று முறை கேட்டார்.

வந்த மறுநாள் எங்கேயும் கூட்டிப் போகாதீர்கள். ரயில் அலுப்பு தீரட்டும். தை மாதக் குளிர் இங்கே நம்மூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் அதிகம். வங்காளிகள் குளிர் காலத்தில் அணியும் மங்கி கேப்பைப் பார்த்து முதல் நாள் சிரித்த மாமா, இரண்டாம் நாள் மாலையே தனக்கும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஆற்றுக்குப் போனோம். பாபுகாட்டில் படகு ஏறி ஹவுரா போய், திரும்பும்போது மெட்ரோவில் வந்தோம். இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் 1984-ல் ஓடியது இந்த ஊரில்தான். 2024 மார்ச்சிலிருந்து அது ஹூக்ளி ஆற்றுக்கு அடியிலும் ஓடுகிறது. ஆற்றின் கீழே உள்ள பகுதி சுமார் 520 மீட்டர். முக்கால் நிமிஷத்தில் கடந்துவிடுகிறது. "கங்கையைத் தலைக்கு மேல வச்சுக்கிட்டுப் போறோமே, சிவபெருமான் மாதிரி" என்றார் அத்தை. பெட்டியில் பாதிப் பேர் எங்கள் சிரிப்பைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கோயிலும் மடமும்

தட்சிணேசுவரம், பேலூர் மடம் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். 2021-லிருந்து தட்சிணேசுவரம் வரை மெட்ரோ போகிறது. ராணி ராஷ்மணி கட்டிய காளி கோயில் 1855-ல் குடமுழுக்கு கண்டது. ஆற்றங்கரையில் பன்னிரண்டு சிவாலயங்கள் வரிசையாக நிற்கின்றன. அங்கிருந்து படகிலேயே பேலூர் போகலாம். இரண்டு இடங்களிலும் மதியம் நடை சாத்துவார்கள் என்பதால் ஒன்றைக் காலையிலும் மற்றதை மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

பேலூரில் அத்தைக்குச் சொல்ல நம்மிடம் சொந்தக் கதையே இருக்கிறது. விவேகானந்தர் குமரிப் பாறையில் தியானம் செய்தது 1892-ல். மறு வருஷம் அவர் சிகாகோ போவதற்குச் சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாக ஏறிப் பணம் திரட்டினார்கள். 1897-ல் அவர் திரும்பி வந்தபோது பாம்பனில் வரவேற்றவர் ராமநாதபுரம் சேதுபதி. "அப்ப நம்ம பக்கத்து ஆளுங்கதான் அனுப்பி வச்சிருக்காங்க" என்று அத்தை சொல்லி, கூடுதலாக ஒரு நமஸ்காரம் செய்தார்.

மாற்றலாகி வந்த ஒரு தமிழர்

பெயர் பெற்ற கட்டடங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். விக்டோரியா மெமோரியலுக்கு 1906-ல் அடிக்கல் நாட்டி 1921-ல் திறந்தார்கள். உள்ளே போகாவிட்டாலும் தோட்டத்தில் உட்கார்ந்தாலே பெரியவர்களுக்குப் போதும். 1814-ல் தொடங்கிய இந்தியன் மியூசியத்தில் குழந்தைகள் எகிப்து மம்மியை விட்டு நகர மாட்டார்கள். இரண்டும் திங்கட்கிழமை விடுமுறை.

பவுபஜார் தெரு எந்த டூரிஸ்ட் பட்டியலிலும் இருக்காது. ஆனால் நாம் காட்ட வேண்டிய தெரு அது. 1907-ல் பதினெட்டு வயதில் மத்திய நிதித் துறை உத்தியோகத்தில் இந்த ஊருக்கு வந்தவர் சி.வி. ராமன். டிராமில் போகும்போது அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டதாம்; இறங்கி உள்ளே போனார். ஆபீசுக்கு முன்னும் பின்னும் அங்கே ஆராய்ச்சி செய்தார். 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவைக் கண்டறிந்ததும் அந்தக் கழகத்தில்தான். 1930-ல் நோபல் பரிசு. கழகம் பிறகு ஜாதவ்பூருக்கு இடம் மாறிவிட்டது, தெரு இருக்கிறது. அந்த ஆராய்ச்சியில் ராமனோடு உழைத்த கே.எஸ். கிருஷ்ணன், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்து வத்திராயிருப்பில் பிறந்தவர். இதைக் கேட்டதும் மாமா தெருவோரமாகவே நின்றுவிட்டார். "நம்ம வத்றாப்புக்காரரா!" என்று என் மகனிடம் ஊர்க் கதை சொல்ல ஆரம்பித்தவர் வீடு வரும்வரை நிறுத்தவில்லை. எட்டு வயதுப் பையன் தாத்தாவிடம் இவ்வளவு நேரம் தமிழில் பேசியதும் அன்றுதான்.

பால்கோவாவும் சந்தேஷும்

அத்தை கொண்டு வந்த ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம். பதிலுக்கு சந்தேஷ் வந்தது. பாலைத் திரிய வைத்துச் செய்வது என்று தெரிந்ததும் அத்தை முகம் மாறியது; நம் வீடுகளில் பால் திரிந்தால் சகுனம் சரியில்லை என்பார்களே! மூன்றாம் நாள் அவரே, "அந்தத் திரிஞ்ச பால் இனிப்பு இருக்கா?" என்று கேட்டார்.

லேக் மார்க்கெட் அத்தையின் பாதி பயத்தைப் போக்கியது. முருங்கைக்காய், வாழையிலை, கறிவேப்பிலை எல்லாம் இருந்தன. காய்காரர் தமிழில் விலை சொன்னார். மாமாவை "தாது" என்று கூப்பிட்டார். "தாத்தான்னு சொல்றாரு" என்று பேரன் மொழிபெயர்த்தான்.

மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ரவீந்திர சரோவர் ஏரி. காலை நடைக்கு மாமாவை அங்கே விட்டுவிட்டு என் கணவர் ஆபீஸ் போவார். நான்காவது நாள் நான் அழைத்து வரப் போனபோது, மாமா ஒரு வங்காளிப் பெரியவரோடு பெஞ்சில் உட்கார்ந்து கைகளை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் சணல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். எந்த பாஷையில் பேசினீர்கள் என்று கேட்டேன். "ஸ்பிண்டில், பாபின், பேரிங், கியர்... இதுக்கு எதுக்கும்மா பாஷை?" என்றார். அதன் பிறகு தினமும் காலை ஆறு மணிக்கே மங்கி கேப்போடு தயாராகிவிட்டார்.

கடைசி நாள் சிப்பூர் தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். 1787-ல் ஏற்பட்ட பூங்கா அது. அங்கே உள்ள ஆலமரத்துக்கு வயது இருநூற்றைம்பதுக்கு மேல். நோய் கண்டதால் அதன் தாய்த்தண்டை 1925-ல் வெட்டி எடுத்துவிட்டார்கள். மரம் இன்றும் ஆயிரக்கணக்கான விழுதுகளில் நின்று பரவிக்கொண்டிருக்கிறது. மாமா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மெயின் ஷாஃப்டைக் கழட்டின பிறகும் மெஷின் ஓடுதே!" என்றார்.

அன்று இரவு அவராகவே பேச்சை எடுத்தார். வீட்டைப் பூட்டிவிட்டு ஒரேயடியாக வர முடியாது. மார்கழியில் ஆண்டாள் கோயிலை விட்டு அத்தை அசைய மாட்டார். "தை பிறந்ததும் வர்றோம். பங்குனி உத்திரத்துக்கு ஆண்டாள் கல்யாணம் பார்க்கத் திரும்பிடணும். வருஷா வருஷம் அப்படி இருக்கலாம்." என் கணவர் கேட்டது பன்னிரண்டு மாதம். கிடைத்தது ஏறக்குறைய இரண்டு மாதம். மீதிப் பத்து மாதக் கவலை எங்களுக்கு இருக்கத்தான் செய்கிறது. கிணற்றடியில் கைப்பிடி வைப்பதற்கு மட்டும் உடனே ஏற்பாடு செய்தோம்.

வாசக அன்பர்களே, பெரியவர்கள் நம்மைத் தேடி வருவது மண்டபங்களைப் பார்க்க மட்டும் அல்ல. பிள்ளை எப்படி வாழ்கிறான், பேரன் நம்மோடு பேசுவானா, இந்த ஊரில் நமக்கும் ஓர் இடம் உண்டா என்று பார்க்கவும்தான். எனவே பட்டியலில் இரண்டு இடங்களைக் குறைத்து, உங்கள் மார்க்கெட்டையும் காலை நடைப் பாதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வழி காட்டும் வேலையைக் குழந்தைகளிடம் கொடுங்கள். தைக்கு வருகிறவர்களுக்கு மங்கி கேப் மட்டும் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள்!